முப்பத்தைந்து நாள் தண்ணீர்

என் அக்கா புருஷனுக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கு அவரைக் கண்டால் அதைவிட ஆகாது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, இரண்டு பேருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அவர் பல் டாக்டர். நான் வீடுகளிலும் ஆபீஸ்களிலும் கடல்மீன் தொட்டி வைத்துப் பராமரிப்பவன். அவர் செய்வது வைத்தியம், நான் செய்வது விளையாட்டு என்பது அவர் எண்ணம்.

நான்கு வருடம் முன்னால் அவர் வீட்டு விருந்தில், பத்துப் பேர் நடுவில், "எங்க மச்சான் பெரிய உத்தியோகம். மீனுக்குக் கால் கழுவி விடுறாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர் சட்டையைப் பிடித்தேன். இரண்டு பொத்தான் தெறித்து ஓடின. அன்றோடு அந்த வீட்டு வாசல் எனக்கு அடைபட்டது. பொத்தான்களைப் பற்றி எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. அக்காவைப் பார்க்க முடியாமல் போனதுதான் வயிற்றெரிச்சல்.

அக்காவுக்குக் காலையில் வீட்டிலிருந்து கிளினிக், முடிந்தால் கிளினிக்கிலிருந்து வீடு. டாக்டரின் கருவிகளைக் கழுவி, மருந்தில் ஊறவைத்து, துடைத்து அடுக்குவது அவள் வேலை. எப்போதாவது போன் செய்வாள். நாலு வார்த்தை பேசுவதற்குள் பின்னால் அவர் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்கும். "சரிடா, வச்சிடுறேன்" என்பாள். நான்கு வருடத்தில் ஒரு போனைக்கூட நான் முதலில் வைத்ததில்லை.

போன வருடக் கடைசியில் கிளினிக்கைப் பெரிதாக்கிப் புதிதாக ஒரு காத்திருப்புக் கூடம் கட்டினார்கள். அப்போது ஒரு நாள் அக்கா போனில் அவசர அவசரமாகச் சொன்னாள்: "கூடத்துல கடல்மீன் தொட்டி வைக்கலாம்னு சொல்லியிருக்கேன். பயந்துட்டு வர்றவங்க மீனப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்கன்னு. கடல் தொட்டின்னா வாரா வாரம் ஆள் வந்து பாக்கணும்ல? அந்த ஆளு நீதான். புரியுதா?"

புரிந்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் அக்கா. அதற்கு அவர் கூடத்தில் திமிங்கலம் விடச் சொன்னாலும் விட்டிருப்பேன்.

டாக்டர் சம்மதித்தார். ஆனால் சும்மா சம்மதிப்பாரா? கையைக் கட்டிக்கொண்டு, என் தலைக்கு மேலே இருந்த சுவரைப் பார்த்துப் பேசினார். "கூடம் திறக்க முப்பத்தஞ்சு நாள் இருக்கு. திறக்குற அன்னிக்கு மீன் நீந்தணும். நீந்தலைன்னா தொட்டியும் வெளிய, நீயும் வெளிய. அப்புறம் இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது."

"சரி டாக்டர்" என்றேன். அத்தான் என்று கூப்பிடுவதை அந்தப் பொத்தான்களோடு விட்டிருந்தேன்.

முப்பத்தைந்து நாள் போதும். மட்டுமட்டாகப் போதும். கடல் தொட்டி என்பது தண்ணீரை ஊற்றி, உப்பைக் கரைத்து, மறுநாள் மீனை விடுகிற சமாசாரம் இல்லை. மீன் கழிக்கிற கழிவு நஞ்சு. கடலில் அது எங்கேயோ கரைந்துவிடும். நாலு கண்ணாடிச் சுவருக்குள் அதே மீனைக் கொல்லும். அந்த நஞ்சைத் தின்ன ஒரு வகைக் கிருமி வேண்டும். அது தின்று இன்னொரு நஞ்சாக மாற்றும், அதைத் தின்ன வேறொரு கிருமி வேண்டும். இரண்டும் கல்லில் குடியேறிப் பெருக வேண்டும். அதற்கு இரை வேண்டும். அதனால் மீன் இல்லாத தொட்டியில் ஒரு பச்சை இறாலைப் போட்டு அழுக விடுவோம். குறுக்கு வழி இருப்பதாகச் சொல்லிப் பாட்டிலில் விற்கிறார்கள். நான் நம்புவதில்லை.

இதையெல்லாம் இப்போது உங்களுக்குச் சொல்கிறேனே, இதில் பாதியை அன்றைக்கு அங்கே சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதல் நாள் தோள்வரை கையை விட்டு, பதினோரு கல்லை ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து வளைவு கட்டினேன். மீன் நுழைந்து வெளியே வர நடுவில் ஒரு வாசல். ஒரு மணி நேரம் பிடித்தது. கடைசியில் பொட்டலத்தைப் பிரித்து இறாலைப் போட்டேன். டாக்டர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்னது அது?"

"எறா."

"எதுக்கு?"

"அழுகுறதுக்கு."

"என் கிளினிக்குலயா?"

"உங்க தொட்டியிலதான் டாக்டர். கிளினிக்குல போடலையே."

ரிசப்ஷனில் இருந்த பெண் சிரித்துவிட்டு உடனே ரிஜிஸ்டரைப் புரட்டினாள். அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள். எனக்கு அந்தச் சிரிப்பே போதுமாக இருந்தது, வீடு வரைக்கும் இனித்தது.

பத்தாம் நாள் கூடம் நாறியது. பொய் சொல்லவில்லை, நன்றாகவே நாறியது. நான் உள்ளே நுழையும்போதே டாக்டர் பிடித்துக்கொண்டார். "வாய் நாத்தத்துக்கு மருந்து கேட்டு ஒருத்தர் வந்தாரு. உள்ள இடமில்லாம இங்க அஞ்சு நிமிஷம் உக்காந்தவரு, தன் வாயிதான்னு நினைச்சு அழ ஆரம்பிச்சுட்டாரு."

"அப்ப உங்களுக்கு ஆள் சேருதுன்னு சொல்லுங்க."

"உன்னை மாதிரியே இருக்கு உன் தொட்டியும். பிரயோஜனம் இல்ல, நாத்தம் மட்டும் ஊரக் கூட்டுது."

நான் சோதனைக் குழாயில் தண்ணீரைப் பிடித்துச் சொட்டு மருந்தை விட்டேன். மஞ்சளாக இருந்தால் நஞ்சு இல்லை, பச்சையாக இருந்தால் இருக்கிறது. கரும்பச்சையாகத் திரண்டது. எனக்குச் சந்தோஷம். நஞ்சு ஏறினால்தான் கிருமி வரும்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றாள். அவள் மேல் நீல மருந்தின் வாடை. கருவிகளை ஊறவைக்கிற மருந்து அது, விரலிடுக்கெல்லாம் வெடிக்க வைத்திருந்தது. "என்னடா இது, கலர் கலரா? என்ன ஆகுது உள்ள?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே ஒரு கனைப்பு. எனக்குச் சுள்ளென்று ஏறியது. "ஒண்ணும் இல்லக்கா, யாரும் தொடாம இருந்தாப் போதும்" என்று கதவைப் பார்த்துக் கத்தினேன். அக்கா உள்ளே போய்விட்டாள். கேட்டது அவள், பதில் சொன்னது அவருக்கு. என் புத்தி அப்படி.

இருபதாம் நாள் கற்களில் பழுப்பாக ஏதோ படர்ந்தது. எல்லாப் புதுத் தொட்டியிலும் வருவது, தானாகவே போய்விடும். டாக்டர் கண்ணாடியருகே குனிந்து, நோயாளியின் வாயைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கறை."

"கறை இல்ல. அது வரணும்."

"இருபது வருஷமா கறையச் சுரண்டுறவன்கிட்ட வந்து கறை இல்லங்கிற. இங்க பாரு, திறக்குற அன்னிக்கு இந்தக் கல்லுல பொட்டு கறை இருந்தா, மீன் இருந்தாலும் கணக்குல இல்ல. தொட்டி வெளிய போகும்."

"கல்லுல யாராவது கைய வச்சா கைய ஒடிச்சிடுவேன்" என்றேன், அவர் கையையே பார்த்துக்கொண்டு. அக்கா கருவித் தட்டை ஏந்தியபடி கதவோரம் நின்றிருந்தாள். தட்டில் கருவிகள் லேசாகச் சத்தம் போட்டன.

இருபத்தேழாம் நாள் குழாய் மஞ்சளாகவே நின்றது. முதல் நஞ்சு காலி. இரண்டாவது நஞ்சும் பாதியாகக் குறைந்திருந்தது. கல்லில் கிருமி உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். எஞ்சியிருந்த இறால் தோலை எடுத்தெறிந்துவிட்டு, கிருமிகள் பட்டினி கிடக்காமல் இருக்க அந்த முதல் நஞ்சையே, அம்மோனியாவை, அளந்து சில சொட்டு விட்டேன். அடுத்த தடவை வரும்போது அதைத் தின்று தீர்த்திருக்க வேண்டும். தீர்த்திருந்தால் மீன் விடலாம்.

விட வேண்டிய மீன் என் வீட்டில் இருந்தது. கோமாளி மீன் ஒரு ஜோடி, ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை. விரல்நகம் அளவில் வந்ததிலிருந்து ஆறு வருடம் வளர்த்தேன். யார் கேட்டும் கொடுத்ததில்லை. அக்காவின் கூடத்துக்கென்று எடுத்து வைத்திருந்தேன், ஏனென்றால் அக்கா நாள் முழுக்க அதைத்தான் பார்க்கப்போகிறாள்.

"அக்கா, திறக்குற ஞாயித்துக்கிழமை ஜோடி வருது" என்றேன். அவள் சிரித்தாள். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிற பழக்கம் அவளுக்கு. பல் டாக்டர் பெண்டாட்டிக்கு வந்த பழக்கத்தைப் பாருங்கள்.

முப்பத்தோராம் நாள் காலை உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

கற்கள் வெள்ளைவெளேரென்று இருந்தன. பழுப்பு ஒரு பொட்டு இல்லை. தண்ணீர் அப்படியொரு தெளிவு. தண்ணீரின் அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கத் தொட்டியில் மாட்டியிருந்த கருவி தன் கிண்ணம் பொங்கி, மூடியைத் தள்ளி, தரைவரைக்கும் நுரையைக் கக்கியிருந்தது. சோப்பு மாதிரி எதுவாவது கலந்தால்தான் அது அப்படிக் கக்கும். கையை விட்டு முகர்ந்தேன். நீல மருந்து.

குழாயில் பிடித்துச் சோதித்தேன். பச்சை. நாலு நாள் முன்னால் நான் விட்டுப்போன நஞ்சு அப்படியே இருந்தது. தின்ன ஆள் இல்லை. மொத்தக் குடியும் செத்துப்போயிருந்தது.

கண் மண் தெரியாமல் சிகிச்சை அறைக்குள் போனேன். நாற்காலியில் ஒரு பெரியவர் வாயைப் பிளந்து படுத்திருந்தார். டாக்டர் கையில் அப்போதுதான் போட்டு முடித்த மரமரப்பு ஊசி.

"என்னத்த ஊத்துனீங்க?"

"வெளிய போ. ஆள் இருக்காங்க."

"நேரடியா வெளிய போன்னு சொல்லத் துப்பில்லாம மருந்த ஊத்திக் கொன்னுட்டீங்கள்ல? திறக்குறதுக்கு நாலு நாள். எப்படியும் முடியாதுன்னு தெரிஞ்சுதான செஞ்சீங்க?"

பெரியவர் பிளந்த வாயை மூடாமலே என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். நிதானமாகக் கையுறையைக் கழற்றினார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"அந்தச் சாக்கடைய நான் ஏன்டா தொடணும்? கூடத்துல கேமரா இருக்கு. யாரு தொட்டான்னு இப்பப் பாத்துடலாம். இங்க வேலை செய்றவங்கன்னா, என் மருந்த எடுத்து இந்த வேலை பாத்தவங்கள இன்னிக்கே வீட்டுக்கு அனுப்புறேன். யாரும் இல்லைன்னா, நீ அந்தப் பெரியவர் முன்னாடி என் கால்ல விழு."

போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். நான் பின்னாலேயே வந்தேன். ரிசப்ஷன் பெண் முகம் வெளுத்து, நான் இல்லை என்பதுபோல் கையை ஆட்டினாள். அக்கா கழுவும் அறை வாசலில் நின்றாள். டாக்டர் விரலால் தள்ளித் தள்ளி நாட்களைத் தேடினார். எனக்குத் தாங்கவில்லை, அவர் மாட்டப்போகிறார் என்ற சந்தோஷத்தில் தொட்டிப் பக்கம் திரும்பினேன்.

அப்போதுதான் பார்த்தேன். என் வளைவைக் காணோம். பதினோரு கல்லும் வரிசையாக நின்றன. இடது கோடியில் பெரியது, அடுத்து அதைவிடச் சின்னது, கடைசியில் கையளவு கல்.

எங்கள் வீட்டுச் சமையலறையில் டப்பாக்கள் அப்படித்தான் நிற்கும். செருப்புகள் அப்படித்தான் நிற்கும். ஏழு வயதில் அக்கா என் பொம்மைக் கார்களை அப்படி அடுக்கி வைத்ததற்காக அவள் கையைக் கடித்திருக்கிறேன்.

அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் முந்தானையில் சுற்றி மறைத்திருந்தாள்.

"அத்தான்" என்றேன்.

டாக்டர் நிமிர்ந்தார். நான்கு வருடம் கழித்துக் கேட்கிற வார்த்தை.

"கேமரா வேணாம் அத்தான். இப்பத்தான் ஞாபகம் வருது. நான்தான். போன தடவை உங்க நீல மருந்துல வாளியக் கழுவுனேன். அலசாம அப்படியே தொட்டியில விட்டுட்டேன்."

"கேக்கல. சத்தமாச் சொல்லு."

"நான்தான். என் தப்பு."

அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். "பெரியவரே, கேட்டீங்களா? ஊர் பூரா தொட்டி வைக்கிறாராம். வாளி கழுவத் தெரியல" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். ரிசப்ஷன் பெண்ணிடம் ஒரு தடவை சொன்னார். பிறகு என்னிடம், "எடு. இன்னிக்கே எடு. தண்ணி ஒரு சொட்டு தரையில நிக்கக் கூடாது" என்றார்.

அவர் கன்னத்தில் அறைய வேண்டும் என்று கை துடித்தது. கையைப் பைக்குள் விட்டு ரப்பர் குழாயை எடுத்தேன். ஒரு முனையைத் தொட்டிக்குள் போட்டு, உறிஞ்சி, வாளிக்குள் விட்டேன். உப்பும் மருந்தும் வாயில் கசந்தன. தண்ணீர் கொட்டத் தொடங்கியது. முப்பத்தோரு நாள் தண்ணீர். இதோடு அக்காவும் முடிந்தது என்று நினைத்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அழுகை வந்துவிட்டது. முகத்தைத் தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

வாளி பாதி நிறைந்தபோது தண்ணீர் நின்றது. அக்கா குழாயை மடித்துப் பிடித்திருந்தாள்.

"நிறுத்துடா. பொய் சொல்றான்ங்க. நான்தான்."

"என்ன நீதான்?" என்றார் டாக்டர்.

"கல்லக் கழுவுனது. கறை இருந்தா தொட்டி வெளியன்னு சொன்னீங்க. தொட்டி போயிட்டா இவன் வர மாட்டான். அதான் ஒவ்வொரு கல்லா எடுத்து, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, மருந்துல ஊற வச்சு எடுத்து வச்சேன். கருவிக்குச் செய்ற மாதிரிதான் செஞ்சேன். இவன் மீனுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு ரெண்டு தடவை ஊற வச்சேன்."

இரண்டு தடவை. என் தொட்டியைக் கொன்றவள்மேல் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கிருமி வளர்கிறது, அதுதான் உயிர் என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்லியிருந்தால் தொட்டிருப்பாளா? எல்லா வார்த்தையையும் அவர்மேல் எறிந்தே தீர்த்திருந்தேன்.

"உள்ள வா. பேசிக்கலாம்" என்றார் டாக்டர்.

"இங்கேயே பேசுங்க."

அவர் தொண்டையைக் கனைத்தார். போனில் நான்கு வருடமாகக் கேட்ட அதே கனைப்பு. அக்கா குழாயை விடவில்லை.

"மருந்த எடுத்தவங்கள வீட்டுக்கு அனுப்புறேன்னு சொன்னீங்க. அனுப்புங்க. தொட்டி போகுதுன்னா நானும் போறேன். எந்தக் கருவி எந்தத் தட்டுல இருக்குன்னு இந்த ரிசப்ஷன் பொண்ண வச்சுத் தேடிக்கோங்க."

ரிசப்ஷன் பெண் ரிஜிஸ்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெரியவர் கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். மரத்துப்போன வாயால், "டாக்டர், ஊசி வேலை செய்யுது, சீக்கிரம் வாங்க" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "திறப்புக்கு இத்தனை பேரக் கூப்பிட்டிருக்கேன். வெறும் தண்ணியவா காட்டுறது?" என்றார். குரல் மேலே போயிருந்தது. தொட்டியை எடு என்று மட்டும் மறுபடி சொல்லவில்லை. கதவை அறைந்துவிட்டு உள்ளே போனார்.

அக்கா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முதல் தடவையாக எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். முதல் நஞ்சு, இரண்டாம் நஞ்சு, கல்லில் இருந்தவை, அவை தின்றது. கேட்டுக்கொண்டே வந்தவள் வெடித்த விரல்களைப் பார்த்தாள்.

"எல்லாம் செத்துப்போச்சா?"

"ம்."

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா?"

"சொல்லியிருக்கலாம்க்கா."

"இனி எத்தனை நாளு?"

"கல்லு புதுசு, தண்ணி புதுசு. மறுபடியும் முப்பத்தஞ்சு."

ஞாயிற்றுக்கிழமை கூடம் திறந்தார்கள். புதுத் தண்ணீர், புதுக் கல், நடுவில் வாசல் வைத்த வளைவு, மீன் இல்லை. நாற்பது பேர் வந்திருந்தார்கள். டாக்டர் என் பக்கமே திரும்பாமல் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர், "மீன் எங்க டாக்டர்?" என்று கேட்க, அவர் காதில் விழாததுபோல் நகர்ந்தார்.

அக்கா கையில் ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்தாள். கூட்டத்துக்கு நடுவில் நின்று பிரித்தாள். உள்ளே பச்சை இறால்.

"இன்னிக்கேவாக்கா? பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வந்திருக்காங்க" என்றேன். "நாளைலேருந்து நாறும். வாரம் ஆக ஆக அதிகமாகும். அவரு சும்மா இருக்க மாட்டாரு."

டாக்டர் கை கொடுப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இறாலை வாலைப் பிடித்துத் தொட்டிக்குள் விட்டாள்.

"நாறட்டும்" என்றாள்.